பெயர்ந்து போக இடமெங்கே?

வானம் இருண்டால், கலேவெலச் சமவெளியிலிருந்து நாம் தெற்கே மலைகளை அச்சத்தோடு நோக்குகிறோம். கோப்பிக் காலத்தில் தமிழ் உழைப்பாளர் அயலிலுள்ள தம்புள்ளை வழியாகவே அம்மலைகளுக்கு நடந்தனர். அவர்தம் சந்ததியாரில் பெரும்பாலோர்க்கு இன்றும் சொந்தக் காணியில்லை.

2014 ஒக்டோபர் 29 காலை, பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. இயற்கையின் சீற்றமாம்! பொய். காடழித்த சரிவில் மழைநீர் ஊறினால் மண்ணின் பிடி தளரும். இது தெரியாத சங்கதியன்று. அவ்விடம் ஆபத்தானது எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மக்கள் ஏன் போகவில்லை என்று கேட்கும் கனவான்களே, எங்கே போவது? தோட்டத்தை விட்டால் வேலையில்லை. வேலையை விட்டால் லயமும் இல்லை.

இமயத்திலும் இதே கதைதான். 2025 பெப்ரவரி 28 அன்று, உத்தராகண்டின் மாணாவில் இரும்புக் கொள்கலன்களில் தங்கியிருந்த வீதித் தொழிலாளர்மீது பனிச்சரிவு வீழ்ந்தது. 8 பேர் மாண்டனர். முதல்நாளே எச்சரிக்கை வந்திருந்தது. முகாமை அகற்றும் அதிகாரம் கூலிக்காரனுக்கா இருந்தது?

நாம் கேட்பது அனுதாபமன்று. உறுதியான நிலத்தில் காணி. தொழிலாளர் பெயரிலேயே அதற்கு உறுதிப்பத்திரம். ஏழு பேர்ச் கொடுக்கிறோமே என்பர். கொடுத்தது எத்தனை குடும்பங்களுக்கு? அடுத்த பருவமழைக்குமுன் எத்தனை லயங்கள் காலியாகும்?