தூரமும் ஓர் அளவுதான்!



ஒரு கிலோ பருப்பில் ஐம்பது கிராம் குறைந்தால் அது குற்றம். ஒரு லிட்டர் எண்ணெயில் ஒரு கரண்டி குறைந்தால் அதுவும் குற்றம். தொழிலாளர் துறை முத்திரை ஆய்வாளர் கடைக்கு வந்தால் தராசையும் படிக்கற்களையும் எடுத்து வைத்துவிட்டு நாம் கைகட்டி நிற்கிறோம். நிற்கவும் வேண்டும், அதுதான் நியாயம். ஆனால் பதினைந்து கிலோமீட்டர் தூரத்தை "மிக அருகில்" என்று அச்சடித்துப் பணம் வாங்குகிறவரை யார் கேட்கிறார்கள்?

வடக்கே பனிமலை ஊர்களில் உள்ள தங்கும் விடுதிகளின் விளம்பரங்களைப் பற்றித்தான் இந்த இதழில் எழுதுகிறோம். மளிகைக் கடைக்காரருக்கும் பனிச்சறுக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். எண்ணெய், சோப்பு, டீத்தூள் கம்பெனிகள் டார்கெட் முடித்த வியாபாரிகளுக்கு டூர் கொடுப்பது நெடுநாள் வழக்கம். அந்த டூர் பட்டியலில் இப்போது குல்மார்க்கும் மணாலியும் இடம்பெறுகின்றன. நம் பிள்ளைகளும் கலியாணம் முடிந்த கையோடு பனி பார்க்கப் போகிறார்கள். ஆக, இதில் போவது நம் கைப்பணமும், நாம் வருடம் முழுவதும் சரக்கு தள்ளிச் சம்பாதித்த பரிசும்தான்.

பனிச்சறுக்கு என்பது காலில் நீளமான பட்டைகளைக் கட்டிக்கொண்டு பனிச் சரிவில் வழுக்கி இறங்கும் விளையாட்டு. அதற்கான பூட்ஸ் கெட்டியானது, கனமானது; அதைப் போட்டுக்கொண்டு தெருவில் பத்து நிமிடம் நடப்பதே பெரும்பாடு. மேலே ஏற்றிச் செல்லும் ரோப் காரும் நாற்காலி லிஃப்டும் மாலையில் நின்றுவிடும். இரவில் பனி பெய்தால் காலையில் பாதை அடைபட்டிருக்கும். ஆகவே இத்தகைய ஊரில் அறையின் விலையை நிர்ணயிப்பது மெத்தையோ வெந்நீரோ அல்ல. சரிவுக்கும் அறைக்கும் எவ்வளவு தூரம் என்பதுதான் அங்கே விலை. தூரம்தான் அங்கே சரக்கு. அந்தச் சரக்கில்தான் கலப்படம் நடக்கிறது.

உத்தராகண்டில் உள்ள அவுலியை எடுத்துக்கொள்வோம். 2011 ஜனவரியில் தெற்காசிய குளிர்காலப் போட்டிகள் நடந்த இடங்களில் இது ஒன்று. சரிவுகள் சுமார் 2,500 மீட்டர் உயரத்திலிருந்து 3,000 மீட்டருக்கு மேல் வரை போகின்றன. அங்கே கார்வால் மண்டல் விகாஸ் நிகமின் அரசு விடுதியும் வேறு சில விடுதிகளும் உண்டு. ஆனால் மொத்த அறைகள் குறைவு. கீழே, 1,900 மீட்டர் அளவில், ஜோஷிமட் நகரம் இருக்கிறது. பத்ரிநாத் யாத்திரை சென்ற நம்மவர்கள் அந்த ஊரை நன்கு அறிவார்கள். ஆதிசங்கரர் மடம் உள்ள ஊர். வைணவ அன்பர்கள் திருப்பிரிதி என்று சேவிக்கும் தலம். ஜோஷிமட்டிலிருந்து அவுலிக்குச் சாலை வழியே சுமார் 15 கிலோமீட்டர், அதுவும் முழுக்க ஏற்றம். ஜோஷிமட்டில் உள்ள விடுதி "அவுலியில் தங்குங்கள்" என்று விளம்பரம் செய்தால், அறை மட்டும் மாறவில்லை. உயரமும், பனியும், நாள்தோறும் வண்டிக் கூலியும் சேர்ந்து மாறுகின்றன.

இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே சுமார் 4 கிலோமீட்டர் நீள ரோப் கார் உண்டு. அதைக் காட்டித்தான் "அவுலிக்குச் சில நிமிடங்களே" என்று சொல்லிவந்தார்கள். 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் பூமி உள்வாங்கி நூற்றுக்கணக்கான வீடுகளில் விரிசல் விட்டது. ஒன்றோடொன்று சாய்ந்து நின்ற ஹோட்டல்களை இடிக்க அரசு உத்தரவிட்டது. ரோப் காரும் நிறுத்தப்பட்டது. அந்த ஊர் மக்களின் துன்பம் பெரிது. அவர்களுக்காக நாம் வருந்துகிறோம். இங்கே நாம் சொல்ல வருவது ஒன்றே. கம்பியில் போகும் தூரத்தை நம்பி அறை பிடித்தவருக்கு, கம்பி நின்ற அன்று பாக்கி இருப்பது சாலைத் தூரம்தான். எனவே விளம்பரத்தில் முதலில் எழுத வேண்டியது சாலைத் தூரம்.

காஷ்மீரில் குல்மார்க்கும் இப்படியே. குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து மேலே செல்லும் கொண்டோலா என்ற கம்பி வண்டியின் முதல் கட்டம் 1998-லும், இரண்டாம் கட்டம் 2005-லும் ஓடத் தொடங்கின. மலையடியில் உள்ள டங்மார்க் 13 கிலோமீட்டர் கீழே இருக்கிறது. பனிக்காலத்தில் மைதானத்திலிருந்து வரும் சாதாரணக் கார் பல நாள் அந்த ஊரோடு நின்றுவிடும். சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டிக்கு மாறித்தான் மேலே ஏற வேண்டும்.

நம் பகுதி வியாபாரிகள் சிலர் ஒரு கம்பெனி ஸ்கீமில் அங்கே போய்வந்தனர். நோட்டீசில் "குல்மார்க்கில் மூன்று இரவு" என்று இருந்தது. இறக்கிவிட்டது டங்மார்க்கில். தினமும் மேலே போகச் சங்கிலி வண்டிக்குத் தனிக் கூலி. அது ஸ்கீமில் சேராது என்று சொல்லிவிட்டார்கள். இரண்டாம் நாள் பனி விழுந்து பாதையைச் சுத்தம் செய்யவே மதியமாகிவிட்டது. அன்று வாங்கி வைத்திருந்த கொண்டோலா டிக்கெட் வீண். ஏஜெண்டைக் கேட்டதற்கு, "எல்லாம் குல்மார்க் ஏரியாதானே!" என்றாராம். ஏரியா என்ற இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு, விருதுநகர் வத்தல் என்று பில் போட்டு எந்த ஊர் வத்தலையும் நாம் அனுப்பலாமா? வாங்கியவர் மூட்டையைத் திருப்பி அனுப்பமாட்டாரா?

இது நம் நாட்டில் மட்டும் உள்ள நோய் அல்ல. பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் கூர்ஷவெல் என்ற புகழ்பெற்ற பனிச்சறுக்கு ஊர் உண்டு. ஒரே பெயரில் வெவ்வேறு உயரங்களில் பல குடியிருப்புகள். ஒவ்வொன்றுக்கும் உயரத்தையே பெயரோடு சேர்த்து 1300, 1550, 1650, 1850 என்று அழைத்தார்கள். மேலே இருப்பதாகச் சொல்லும் 1850-இன் உண்மை உயரம் சுமார் 1,750 மீட்டர்தான்! 1,850 மீட்டரில் உள்ள போட்டி ஊரான வால் திசேருக்குச் சமமாக இருக்கட்டும் என்று அந்த எண்ணை வைத்ததாகச் சொல்வார்கள். கீழ்க் குடியிருப்புகளின் பெயர்களிலிருந்து 2011-இல் எண்களை எடுத்துவிட்டு ஊர்ப்பெயர் வைத்தார்கள். ஆகவே "கூர்ஷவெல்லில் அறை" என்று மட்டும் சொன்னால், மேலா கீழா என்று கேட்காமல் அங்கே யாரும் முன்பணம் கொடுப்பதில்லை. நாம் மட்டும் ஏன் கொடுக்க வேண்டும்?

விளம்பரக்காரர்களின் வழிகளை வரிசைப்படுத்தினால் நான்கில் அடங்கிவிடும்.

முதலாவது, பெயர் கடன் வாங்குவது. பெரிய ஊரின் பெயரைப் பக்கத்து ஊர் விடுதி தன் பலகையில் எழுதிக்கொள்வது.

இரண்டாவது, கிலோமீட்டருக்குப் பதில் நிமிடம் சொல்வது. "பத்தே நிமிடம்" என்றால் நடந்தா, காரிலா? கோடையிலா, பனியிலா? மணாலியிலிருந்து பனிச்சறுக்கு நடக்கும் சோலாங் பள்ளத்தாக்கு சுமார் 13 கிலோமீட்டர். கூட்டமில்லாத நாளில் அது அரைமணி. பனி விழுந்து வண்டிகள் வரிசையில் நிற்கும் நாளில் அரைநாள்.

மூன்றாவது, காக்கை பறக்கும் தூரம். வரைபடத்தில் நேர்கோடு போட்டு "இரண்டு கிலோமீட்டர்" என்பது. வாடிக்கையாளர் காக்கை அல்ல. அவர் வளைந்து வளைந்துதான் மலை ஏற வேண்டும்.

நான்காவது, படம். ஜன்னலைத் திறந்தால் சரிவு என்பதுபோல ஒரு படம். உண்மையில் அது வேறு இடத்தில் பிடித்தது.

இதற்கு அவர்கள் தரப்பில் ஒரு பதில் உண்டு. மேலே அறைகள் குறைவு, வாடகை அதிகம். கீழே தங்கினால் செலவு குறைவு, கடைத்தெருவும் மருத்துவரும் பக்கத்தில் உண்டு என்பார்கள். நாம் மறுக்கவில்லை. வயதானவர்களுக்குக் கீழே தங்குவதே உசிதம். ஆனால் இரண்டாம் ரகத் துவரையை இரண்டாம் ரகம் என்று சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்றால் யாரும் குறை சொல்வதில்லை. இரண்டாம் ரகத்தை முதல் ரகச் சாக்கில் கொட்டி முதல் ரக விலை வாங்குவதுதான் தப்பு. கீழே உள்ள விடுதி, "நாங்கள் டங்மார்க்கில் இருக்கிறோம், குல்மார்க் 13 கிலோமீட்டர், வாடகை பாதி" என்று எழுதட்டும். தாராளமாக ஆட்கள் வருவார்கள்.

இதில் வாடிக்கையாளரை விட அதிகம் நஷ்டப்படுகிறவர் ஒருவர் இருக்கிறார். மேலே உண்மையாகவே சரிவுக்குப் பக்கத்தில், மிகுந்த செலவில், குளிரில் விடுதி நடத்தும் நேர்மையான வியாபாரிதான் அவர். பொய் விளம்பரம் அவருடைய ஊர்ப்பெயரைத் திருடி, அவருடைய வாடகையை உடைக்கிறது. சரியான எடை போடுகிறவன் பக்கத்துக் கடைக்காரனின் எடைக் குறைவால் எப்படி அடிபடுவான் என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால்தான் இதை வணிகர் இதழில் எழுதுகிறோம்.

நம் சரக்குகளில் ஊர்ப்பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு வந்துவிட்டது. 1999-ஆம் வருட புவிசார் குறியீட்டுச் சட்டத்தின் கீழ் ஈரோடு மஞ்சளுக்கு 2019-லும், கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-லும், விருதுநகர் சம்பா வத்தலுக்கும் மணப்பாறை முறுக்குக்கும் 2023-லும் குறியீடு கிடைத்தது. பொட்டலத்தில் தயாரிப்பாளர் விலாசம், நிகர எடை, மாதம், வருடம், அதிகபட்ச சில்லறை விலை எல்லாம் அச்சடிக்காமல் நாம் சரக்கு விற்க முடியாது. ஐந்து ரூபாய் பாக்கெட்டுக்கு இவ்வளவு கட்டுப்பாடு. ஓர் இரவுக்கு ஆயிரக்கணக்கில் வாங்கும் அறைக்கு, அது எந்த ஊரில் இருக்கிறது என்று பளிச்சென்று சொல்ல வேண்டாமா?

சட்டமே இல்லை என்று சொல்லவில்லை. 2020 ஜூலையில் அமலுக்கு வந்த 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பொய்யான வர்ணனையும், முக்கிய விவரத்தை வேண்டுமென்றே மறைப்பதும் தவறான விளம்பரம் என்றே சொல்லப்பட்டிருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையும், மறுபடி செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். விளம்பரங்களுக்கான வழிகாட்டு நெறிகளும் 2022 ஜூனில் வந்துவிட்டன. நம்மவர்கள் முக்கியமாக அறிய வேண்டியது வேறொன்று: பழைய 1986 சட்டப்படி எதிராளி இருக்கும் ஊரிலோ சம்பவம் நடந்த ஊரிலோதான் வழக்குப் போட வேண்டியிருந்தது. இப்போது நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் புகாரைப் பதிந்துகொள்வார்கள்.

இருந்தாலும் வழக்கு என்பது கெட்டுப்போன சரக்கைத் திருப்பி அனுப்புவது போன்றது. கொள்முதலின்போதே பார்த்து வாங்குவதுதான் வியாபாரிக்கு அழகு. ஆகவே முன்பணம் கொடுக்குமுன் கீழ்க்கண்டவற்றை எழுத்தில் வாங்குங்கள்:

1. விடுதியின் முழு விலாசம், கிராமத்தின் பெயரோடு.

2. ரோப் கார் அல்லது லிஃப்ட் ஏறும் இடத்துக்குச் சாலை வழியே எத்தனை கிலோமீட்டர்.

3. பனி விழுந்தால் எந்த வண்டி போகும், அதன் கூலி யார் பொறுப்பு.

4. ரோப் கார் அந்தத் தேதிகளில் ஓடுகிறதா, கடைசி வண்டி எத்தனை மணிக்கு.

விலாசம் கிடைத்ததும் வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டு செல்போன் வரைபடத்தில் சாலைத் தூரம் பார்க்கச் சொல்லுங்கள். விளம்பரத் தாளையும் ரசீதையும் பத்திரமாக வையுங்கள். கம்பெனி டூர் என்றால், ஸ்கீம் சர்க்குலரிலேயே விடுதியின் பெயரும் ஊரும் போடச் சொல்லிப் பிரதிநிதியிடம் கேளுங்கள். இலவசம்தானே என்று கூச வேண்டாம். டார்கெட் முடித்தது நாம். அது தானம் அல்ல, கூலி.

நம் சங்கமும் ஒன்று செய்யலாம். டூர் ஸ்கீம் கொண்டுவரும் கம்பெனிகளுக்கும் டிராவல்ஸ்காரர்களுக்கும், தங்கும் ஊரின் பெயரையும் சாலைத் தூரத்தையும் குறிப்பிட வேண்டும் என்று ஒரு கடிதம் அனுப்பலாம். அறை விளம்பரங்களில் சாலைத் தூரத்தைக் கிலோமீட்டரில் போடுவதைக் கட்டாயமாக்குமாறு மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறைக்கு ஒரு மனுவும் கொடுக்கலாம். எடைக்கும் அளவுக்கும் ஆயுள் முழுவதும் பதில் சொல்லிவரும் நமக்கு, பிறரிடம் சரியான அளவு கேட்க எல்லா உரிமையும் உண்டு. அடுத்த பொதுக்குழுவில் உறுப்பினர்கள் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம்.