வேலை நடக்கும் வீதிகளில் கமரா பொருத்தக் குரல் கொடுப்போம்

கண்டி மாவட்ட மக்களே, சாரதிமாரே,

2025 நவம்பர் 22 அன்று பஹல கடுகண்ணாவையில் மலை சரிந்து உயிர்களைக் கொண்டுபோனது. அந்தத் துயரம் ஆறுமுன்னே டித்வா புயல் நம் மலைவீதிகளை அங்கங்கே அறுத்துப்போட்டது. சரிந்த மண்ணை அள்ளி, தாங்குசுவர் எழுப்பி, நமக்கு வழி திறந்து தருபவர்கள் வீதி வேலையாட்கள். அவர்களுக்காகவே இந்த வேண்டுகோள்.

ஒரு பக்கம் பெக்கோ, மறுபக்கம் பள்ளம், நடுவில் ஒரு வாகனம் போகத்தான் இடம். கொடி பிடித்தவர் சிவப்பைக் காட்டி நிற்கிறார். பின்னால் வந்த பஸ் வரிசையை விட்டு விலகி முன்னே ஏறுகிறது. மோட்டார் சைக்கிளோ கூம்புகளுக்குள் நுழைந்து, குனிந்து மண் வெட்டுபவரின் முதுகை உரசிக்கொண்டு பறக்கிறது. தினமும் நாம் காணும் காட்சி இது.

பொலிஸாரை நிறுத்தலாமே என்பீர்கள். பிடித்த வாகனத்தை ஓரங்கட்ட அங்கே ஓரமே இல்லை. மறித்தால் வீதி முழுவதும் அடைபட்டுவிடும். கமரா யாரையும் மறிக்க வேண்டியதில்லை. இலக்கத் தகட்டைப் படமெடுத்தால் போதும். கொழும்பில் 2024 ஜனவரி 22 முதல் சீசீடிவி பார்த்துத் தண்டம் விதிக்கிறார்கள். தண்டப் பத்திரம் வாகன உரிமையாளரின் வீடு தேடிப் போகிறது. அமெரிக்காவின் மேரிலாந்தில் வேலைத்தளக் கமரா பல ஆண்டுகளாகவே உண்டு. ஆனாலும் 2023 மார்ச்சில் பால்டிமோர் அருகே ஒரே விபத்தில் ஆறு வேலையாட்கள் மாண்டார்கள். மறு ஆண்டே சட்டத்தை இறுக்கித் தண்டத்தை உயர்த்தினார்கள். கமராவோடு சட்டத்துக்கும் பல் வேண்டும் என்பதை அவர்கள் ஆறு உயிர் கொடுத்துக் கற்றார்கள்.

தண்டம் வசூலிக்கும் பொறியாகக் கமரா மாறிவிடக் கூடாது என்ற உங்கள் அச்சம் நியாயமானது. எங்களுக்கும் அது உண்டு. ஆகவே கமரா இருப்பதை முன்கூட்டியே மும்மொழிப் பலகையில் அறிவிக்க வேண்டும். வேலை முடிந்த பிறகும் வாரக்கணக்கில் கிடக்கும் வேகக் கட்டுப்பாட்டுப் பலகைகளை அன்றன்றே அகற்ற வேண்டும். ஆளில்லாத இடத்துப் பலகையைப் பார்த்துப் பழகிய சாரதி, ஆள் இருக்கும் இடத்திலும் அதை மதிப்பதில்லை.

இந்தக் கோரிக்கையை உங்கள் பிரதேச சபையிடமும் மாநகர சபையிடமும் முன்வையுங்கள். பொலிஸ் நிலையத்துக்கு எழுத்தில் கொடுங்கள். கூடவே ஒரு காரியம்: நம்மிடையே பல வாகனங்கள் இன்னும் பழைய உரிமையாளரின் பெயரிலேயே ஓடுகின்றன. அப்படியிருந்தால், கமரா வந்த பின் கண்டியில் நீங்கள் செய்யும் தவறுக்கான தண்டப் பத்திரம், எப்போதோ வண்டியை விற்றுவிட்ட ஒருவரின் கதவைத் தட்டும். வாங்கியவரும் விற்றவரும் பெயர் மாற்றத்தை இம்மாதமே முடித்துவிடுங்கள்.

இங்ஙனம்,
கண்டி – பேராதனை – கம்பளை வீதியில் அன்றாடம் பயணிக்கும் நாங்கள்