கடைசி சீட் யாருக்கு?

வருஷா வருஷம் ஃபைனல் இயரில் ஏதாவது ஒரு டிக்கெட் புக்கிங் ப்ராஜெக்ட் வந்துடும். வைவாவில் ஒரு லேப்டாப், ஒரு ஆள், ஒரு க்ளிக். அழகா வேலை செய்யும். ஒரே நொடியில் ரெண்டு பேர் கடைசி சீட்டைக் கேட்டா என்ன ஆகும்னு யாரும் கேட்கிறதில்லை. கேட்கணும் என்பதுதான் என் கட்சி.

தட்கலை நினைச்சுப் பாருங்க. ஏசி வகுப்புக்குக் காலை 10 மணி, மற்ற வகுப்புகளுக்கு 11 மணி. நாடு முழுக்க ஒரே நிமிஷத்தில் மோதுறாங்க. அங்கே உங்க கோடு ஓடுதுன்னு வெச்சுக்கோங்க. முதலில் 'சீட் இருக்கா' என்று படிக்கும். இருந்தால் பெயரை எழுதும். இந்த ரெண்டுக்கும் நடுவில் இன்னொரு ட்ரான்ஸாக்ஷன் அதே சீட்டைப் படிச்சுட்டா, ஒரு சீட்டுக்கு ரெண்டு பேர். 'டேட்டாபேஸ் பார்த்துக்கும்' என்று விட முடியாது. நாம எதுவும் மாற்றாவிட்டால் போஸ்ட்கிரெஸ்ஸில் இருப்பது ரீட் கமிட்டட். மைஎஸ்கியூஎல் இன்னோடிபியில் ரிப்பீட்டபிள் ரீட். ரெண்டுமே இந்தத் தப்பைத் தானாகத் தடுக்காது.

'டைம்ஸ்டாம்ப் பார்த்து முதல் ஆளுக்குக் கொடுத்துடலாம்' என்பீங்க. ரெண்டு சர்வர்களின் கடிகாரம் கொஞ்சமாவது விலகித்தான் இருக்கும். போஸ்ட்கிரெஸ்ஸின் நவ் ஃபங்ஷன் தருவதும் ட்ரான்ஸாக்ஷன் தொடங்கிய நேரம்தான்; முதலில் தொடங்கியது கடைசியில் கமிட் ஆகலாம். கூகுளின் ஸ்பேனர் அணுக் கடிகாரமும் ஜிபிஎஸ்ஸும் வைத்திருந்தும், மணியை ஒரு இடைவெளியாகத்தான் கணக்கிடுது. அந்தச் சந்தேகம் தீரும்வரை காத்திருந்துதான் கமிட்டை வெளியே காட்டுது. நம்ம சர்வர் கடிகாரம் எம்மாத்திரம்?

இதில் ரெண்டு கேள்வி இருக்கு. ஒரு சீட் ஒருவருக்குத்தானா? அதற்கு ரயில், தேதி, சீட் எண் மூன்றுக்கும் சேர்த்து ஒரு யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட் போடுங்க. அல்லது செலக்ட் ஃபார் அப்டேட் போட்டு லாக் பண்ணுங்க. முதலில் வந்தவருக்கா? இது வேறு கேள்வி. சீரியலைசபிள்கூட 'ஏதோ ஒரு வரிசையில் ஒவ்வொன்றாக நடந்த மாதிரி' என்றுதான் உறுதி தரும்; வந்த வரிசைக்குப் பொறுப்பேற்காது. அது வேணும்னா, டோக்கன் மாதிரி ஒரே இடத்தில் நம்பர் கொடுத்து, அந்த வரிசையிலேயே எடுங்க. பங்குச் சந்தையில் ஒரே விலைக்கு வந்த ஆர்டர்களில் முந்தியதுக்கே முன்னுரிமை. அங்கே வரிசை தப்பினா ஒருத்தர் காசு போச்சு.

அடுத்த ரிவ்யூவுக்கு முன்னாடி ரெண்டு டெர்மினல் திறங்க. ரெண்டிலும் ட்ரான்ஸாக்ஷனைத் தொடங்கி, அதே கடைசி சீட்டைக் கேளுங்க. ரெண்டு பேருக்கும் கிடைச்சுதுன்னா ப்ராஜெக்ட் இன்னும் முடியலைன்னு அர்த்தம்.