சொந்தமும் பந்தியும்

தீபாவளி விருந்தை உற்றார் வீட்டில் உண்ணாது நண்பர்களோடு உண்போர் குடும்பத்தைக் குலைக்க வந்தவர்கள் என்று எம்மீது குற்றஞ் சாட்டுகின்றனர் சிலர். அவர்கள் போற்றும் பந்தியை முதலிற் பார்ப்போம்.

யாழ்ப்பாணத்து ஊர்கள் பலவற்றில் தீபாவளி விடியலில் ஆடு அடித்துப் பங்கு போடுவது வழக்கம். மதியம் பெரியப்பா வீட்டிலே சொந்தம் முழுவதும் கூடும். இம்மட்டும் இனிமைதான். உங்களோடு ஒரே பாடசாலையிற் கற்பிக்கும் நண்பரை அங்கு அழைத்துச் சென்று பாருங்கள். "தம்பி எந்த ஊர்?" என்பார் பெரியப்பா. ஊரின் பெயரைச் சொன்னதும், "ஊரிலை எவடம்?" என்பார். குறிச்சி எது, கோயில் எது, தகப்பன் யார் என்று விசாரணை நீளும். (புவியியலில் இத்துணை ஆர்வம் எமது மாணவருக்கு இருந்தால் எவ்வளவு நன்று!) விடை கிடைத்ததும் நண்பருக்கு விறாந்தையிற் கதிரை போடப்படும். ஏச்சில்லை, பேச்சில்லை. தேநீரும் வரும், எறிந்துவிடக்கூடிய கடதாசிக் கோப்பையில். அன்று தேநீர்க்கடைகளில் நீட்டிய சிரட்டையின் பேரப்பிள்ளை அது.

1930ஐ அண்டிய ஆண்டுகளில், பாடசாலைகளிற் சம ஆசனம் என்றதும் பாடசாலைக் கொட்டில்கள் எரிந்தன. 1957இல் தீண்டாமைக்கு எதிராகச் சட்டம் பிறந்தது. ஏட்டிலே கிடந்த அச்சட்டத்துக்கு உயிர் கொடுக்க 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு மக்கள் ஊர்வலமாக நடக்க வேண்டியிருந்தது. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாயிலிற் போராட்டம். கடையும் கோயிலும் இவ்வாறு அடிபட்டுத் திறந்தன. வீட்டுப் பந்தியோ திறக்கவில்லை. யாரை விருந்துக்கு அழைப்பது என்று எந்தப் பாராளுமன்றமும் விதிக்க இயலாதே! சாதி அங்கேதான் பாசறை அமைத்திருக்கிறது. கலியாணமும் சீதனமும் பேசி முடிப்பது அப்பந்தியில். இன்னார் நம்மவர், இன்னார் அல்லர் என்று சிறுவர் கற்பதும் அப்பந்தியில். ஆண்டு முழுவதும் வகுப்பறையில் நாம் கற்பித்த சமத்துவம் அந்த ஒரு மத்தியானத்தில் அழிகின்றது.

"ஒருநாள்தானே, வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டுவிட்டு வந்தால் என்ன?" என்பர் நல்லவர்கள் சிலர். வாயை மூடுவதுதான் அச்சோற்றுக்கு எம்மிடம் கேட்கும் விலை. அதைச் செலுத்துபவரோ நாமல்லர், விறாந்தையில் இருப்பவர்.

பெற்றோரைத் துறக்கச் சொல்கிறோம் என்று எவரும் திரிக்க வேண்டாம். காலையில் எண்ணெய் வைத்து முழுகி, அம்மா தரும் பலகாரத்தைத் தின்றுவிட்டுத்தான் புறப்படுகிறோம். பெரியப்பாவின் பந்திக்கு மட்டும் போவதில்லை. காய்ச்சல், தலையிடி என்று சாக்குச் சொல்வதுமில்லை. காரணத்தை அவர் முகத்துக்கு நேரே சொல்கிறோம்.

நண்பர் பந்தி சுவர்க்கமன்று. எட்டுப் பேர் கூடினால் ஒன்பது அரசியல். ஆடவர் உலகப் புரட்சி பேச, பெண்கள் அடுப்படியில் வேகும் வழக்கம் முற்போக்காளர் வீடுகளிலும் உண்டு. அதுவும் ஒரு விறாந்தையே. வருகிற தீபாவளிக்குத் தேங்காய் துருவுவதும் சட்டி கழுவுவதும் ஆடவர் வேலை என்று தீர்மானித்திருக்கிறோம். பெரியப்பாவுக்கும் அழைப்பு உண்டு. வந்தால், எமது நண்பருக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிடலாம்.