உதவித்தொகை தாமதமானால் உழைக்கும் உரிமையாவது உண்டா?

ஒன்றிய சமூகநீதி அமைச்சகத்தின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகைக்கு 2025–26ஆம் ஆண்டில் 106 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஜூலையில் அவர்களில் 40 பேருக்கு மட்டுமே தற்காலிக ஒப்புதல் கடிதம் கிடைத்தது. எஞ்சிய 66 பேருக்கும் நிதி இருப்பைப் பொறுத்தே கடிதம் என்று சொல்லப்பட்டது. தேர்வான பின்னும் உறுதியில்லை என்பதே இதன் பொருள். விமானம் ஏறிய பின் தவணை தாமதமானால், மாணவர் வேலை செய்து பிழைத்துக்கொள்ளலாமா? இதற்கு விடை சொல்பவை இரண்டு: அவர் படிக்கும் நாட்டின் குடிவரவுச் சட்டம், உதவித்தொகைத் திட்டத்தின் விதிகள்.

அமெரிக்காவில் எஃப்-1 விசாவில் படிப்போர், பாடம் நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம். வெளியே வேலை செய்யக் 'கடும் பொருளாதார நெருக்கடி' என்ற பெயரில் தனி அனுமதி கோரலாம். உதவித்தொகை இழப்பு, நாணய மதிப்பில் பெரும் மாற்றம், கட்டண உயர்வு, மருத்துவச் செலவு ஆகியவற்றை அவ்விதி காரணங்களாக ஏற்கிறது. ஆனால் ஒரு முழுக் கல்வியாண்டு முடிந்திருக்க வேண்டும். பல்கலைக்கழக அதிகாரியின் பரிந்துரை வேண்டும். அனுமதி அட்டை கைக்கு வரும்வரை வேலையில் சேரக் கூடாது. முதலாண்டில் பணம் வராமல் தவிப்பவருக்கு இந்தக் கதவு திறப்பதில்லை.

இதனினும் நுட்பமான சிக்கல் ஒன்றுண்டு. நெருக்கடி எதிர்பாராததாக இருக்க வேண்டும் என்கிறது அவ்விதி. 'நிதி இருந்தால் தருவோம்' என்று நம் அரசே முன்கூட்டிச் சொல்லிவிட்டால், எதிர்பாராத நெருக்கடி என்று நிறுவுவது கடினமாகிவிடும்.

அனுமதி கிடைத்தாலும் நம் திட்டத்தின் விதி குறுக்கே நிற்கிறது. ஆய்வு உதவியாளராகவோ கற்பித்தல் உதவியாளராகவோ ஆண்டுக்கு 2,400 டாலர் வரைதான் ஈட்டலாம்; பிரிட்டனில் 1,560 பவுண்டு. அதற்கு மேல் ஈட்டினால் வாழ்க்கைப்படியில் அந்த அளவு குறைக்கப்படும். மாதத்துக்கு 200 டாலர்! அரசின் தாமதத்துக்கு வரம்பில்லை. மாணவரின் உழைப்புக்கு மட்டும் வரம்பு.

வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு நெருக்கடி வந்தால் ஒரு மனையை விற்றுப் பணம் அனுப்புவார்கள். மல்லாங்கிணறு, திருச்சுழி வட்டாரத்தில் வானம் பார்த்த கரிசலில் கூலிக்குச் செல்லும் தலித் குடும்பத்துக்கு விற்க மனை ஏது? வட்டிக்கு வாங்குவது ஒன்றே வழி. கடல் கடந்த மாணவரின் தாமதமான தவணை, ஊரில் பெற்றோரின் கடனாகிறது.

இது புதிதன்று. பரோடா அரசின் உதவித்தொகை முடிந்ததால் 1917இல் அண்ணல் அம்பேத்கர் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். சிடன்ஹாம் கல்லூரியில் கற்பித்துச் சேர்த்த பணத்தோடும், சாகு மகராஜ், நண்பர் நவல் பதேனா ஆகியோரின் உதவியோடும் 1920இல் மீண்டும் சென்றார். அவருடைய மன உறுதியைப் போற்றுகிறோம். ஆனால் அந்த மூன்றாண்டு இழப்பை ஒவ்வொரு தலைமுறையும் சுமக்க வேண்டும் என்று எந்த நீதியும் சொல்லவில்லை.

ஆகவே நாம் கோர வேண்டியவை மூன்று. தேர்வான அனைவருக்கும் நிபந்தனையற்ற ஒப்புதல் கடிதம் வேண்டும். தவணைக்குக் கெடு நாள் குறித்து, தவறினால் அமைச்சகமே வட்டியுடன் ஈடுசெய்ய வேண்டும். அரசு தாமதிக்கும் மாதங்களில் வருமான வரம்பை நிறுத்திவைக்க வேண்டும்.

இப்போது அயல்நாட்டில் இருக்கும் மாணவர்கள் அனுமதியின்றி வேலைக்குச் செல்ல வேண்டாம்; அது விசா தகுதியையே பறித்துவிடும். முதலில் பல்கலைக்கழகத்தின் அயல்நாட்டு மாணவர் அலுவலகத்தை அணுகுங்கள். தாமதம் குறித்த ஒவ்வொரு மின்னஞ்சலையும் பாதுகாத்து வையுங்கள். அங்கே விண்ணப்பத்துக்கும் இங்கே நீதிமன்றத்துக்கும் அவையே சான்று.

வேலை அனுமதி ஒரு தற்காலிகக் கூரை. வீட்டைக் கட்டித்தர வேண்டிய பொறுப்பு அரசினுடையது.