ஹீரோ முதல் சீனிலேயே காலி!

பாட்டு கிடையாது. டான்ஸ் கிடையாது. ஸ்டண்ட்டும் கிடையாது. சிவாஜி கணேசன் படம் ஆரம்பித்த உடனேயே குண்டடி பட்டுச் செத்துப் போகிறார். 1954-ல் ஏவி.எம். இப்படி ஒரு படம் எடுத்ததென்றால் நம்புவீர்களா? 'அந்த நாள்'. டைரக்டர் எஸ்.பாலசந்தர். ஆமாம் ஸார், பிற்பாடு வீணையில் பிரளயம் பண்ணினாரே, அவரேதான். அப்போது வயசு 27!

தாம்பரம் - பீச் மின்சார ரயிலில் ஆபீஸ் கூட்டத்தில் நசுங்கியபடி, செல்போனில் தவணை முறையில் பார்த்தேன். பக்கத்தில் நின்றவர் பல்லாவரம் வரை எட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன ஸார், இன்னும் ஒரு பாட்டுகூட வரலையே?" என்றார். 1954 ரசிகர்களும் இதையேதான் கேட்டார்கள். வசூல் படுத்துவிட்டது.

1943 அக்டோபரில் ஜப்பான்காரன் சென்னையில் குண்டு போட்டான் இல்லையா, அதற்கு மறுநாள் காலை ரேடியோ என்ஜினீயர் ராஜன் பிணமாகக் கிடக்கிறான். மனைவி, தம்பி, தம்பி பெண்டாட்டி, ரகசியக் காதலி, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். குரோசவாவின் 'ரஷோமான்' வாசனை. துப்புத் துலக்குகிற ஜாவர் சீதாராமன்தான் வசனமும்.

ஹாலிவுட்டில் இந்த ரகத்துக்கு ராஜா 'டபுள் இன்டெம்னிட்டி' (1944). பார்பரா ஸ்டான்விக் இன்ஷூரன்ஸ் ஆசாமி ஒருவனை மயக்கிப் புருஷனைத் தீர்த்துக்கட்டுகிறாள். ரயிலிலிருந்து விழுந்து செத்ததாக ஜோடனை. அப்படிச் செத்தால் பாலிசிப் பணம் டபுள்! (புட்போர்டு அன்பர்கள் வீட்டில் ஜாக்கிரதையாக இருக்கவும்.) காதல் சும்மா மேல்பூச்சு, உள்ளே பூரா பணக்கணக்கு. பி.காம். படித்தவனுக்கு அது சுலபமாகப் புரிகிறது.

பண்டரிபாய் புரியவில்லை. முடிவைச் சொல்லலாமா? எழுபது வருஷம் டயம் கொடுத்தாயிற்று, சொல்லிவிடுகிறேன். ராஜன் ஜப்பானுக்கு ரகசியம் கடத்துகிறவன். காலேஜில் காதலித்து அவனைக் கைப்பிடித்த உஷா அதைக் கண்டுபிடித்து விடுகிறாள். கெஞ்சுகிறாள், மன்றாடுகிறாள். அவன் மசியவில்லை. கடைசியில் துப்பாக்கி அவள் கையில். அப்போதும் அவளுக்கு அவன்மேல் ஆசை போகவில்லை, அதுதான் வேதனை.

கல்லானாலும் கணவன் என்று வளர்ந்த ஜனங்கள். தியேட்டரை விட்டு வெளியே வந்து "பாட்டு இல்லை" என்றார்களே, நிஜமாகவே பாட்டுதான் குறையா என்று எனக்கொரு சந்தேகம்.