கண்மாய்க்கு யார் காவல்?

கோவில்பட்டி கரிசல் சீமை. வானம் பார்த்த பூமி. மழை வந்தால் பருத்தியும் கம்பும் விளையும். வராவிட்டால் வயிறு காயும். அப்படி இருந்த நாடு அது.

அந்த நாட்டில், 2023-ம் ஆண்டு டிசம்பர் 17-ந் தேதி வானம் பொத்துக்கொண்டது! மறுநாள் காலை வரை மழை ஓயவில்லை. அந்த ஒரே நாளில் கோவில்பட்டியில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஆண்டு முழுவதும் பெய்யவேண்டிய மழையில் பாதிக்கு மேல் ஒரே நாளில்! கடலோரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர்.

கண்மாய்கள் உடைந்தன. சாலைகள் அறுந்தன. ஸ்ரீவைகுண்டத்தில் ரெயில் நின்றுபோய், நூற்றுக்கணக்கான பயணிகள் தவித்தார்கள். கோரம்பள்ளம் குளத்தின் கரை உடைந்து, தூத்துக்குடி நகருக்குள் வெள்ளம் புகுந்தது.

பிறகு வெள்ளம் வடிந்தது. எங்கே போயிற்று? கடலுக்குப் போயிற்று. கடலுக்குப் போன தண்ணீர் திரும்பி வருமா? கோடை வந்தால் இதே கரிசல் ஊர்களில் தாய்மார்கள் குடத்தோடு குழாயடியில் காத்து நிற்கிறார்கள்.

மழைக்காலத்தில் வெள்ளம், வெயில் காலத்தில் பஞ்சம். இது வானத்தின் குற்றம் மட்டும்தானா? இல்லை. நடுவில் நின்று தண்ணீரைத் தாங்கவேண்டிய கண்மாய் நோயில் கிடக்கிறது. அதுவும் ஒரு காரணம்.

கண்மாய்க்கும் உடம்பு உண்டு

கண்மாய் என்பது வெறும் பள்ளம் அல்ல. மனிதனைப் போல அதற்கும் உறுப்புகள் உண்டு.

மேட்டிலிருந்து மழைநீரைக் கொண்டுவரும் ஓடை, அதன் வாய். நீர் தேங்கி நிற்கும் உள்வாய், அதன் வயிறு. மண்ணால் எழுப்பிய கரை, அதன் முதுகெலும்பு. வயலுக்குத் தண்ணீர் கொடுக்கும் மடை, அதன் கை. நிறைந்தபின் மிச்சத் தண்ணீரை வெளியே அனுப்பும் கலுங்கு, அது மூச்சுவிடும் வழி.

ஒரு கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால், அந்தத் தண்ணீர் அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும். அது நிறைந்தால் அதற்கடுத்த ஊருக்கு. சங்கிலிபோல் கோத்து வைத்தார்கள் முன்னோர்கள். தமிழ்நாட்டில் இப்படி ஏறக்குறைய 39 ஆயிரம் ஏரி, குளம், கண்மாய்கள் இருக்கின்றன.

கயத்தாறு, கடம்பூர், மணியாச்சிப் பக்கத்து மழைநீர், ஓடைகள் வழியாகக் கோரம்பள்ளம் குளத்துக்குத்தான் போகிறது. ஆகவே, மேட்டு ஊர்க் கண்மாய் தண்ணீரைப் பிடித்து வைத்தால், மேட்டு ஊரில் கிணறு ஊறும். பள்ளத்து ஊரில் வெள்ளத்தின் வேகமும் குறையும். ஒரு கண்மாயைக் காப்பது இரண்டு ஊரைக் காப்பதாகும்!

ஐந்து நோய்கள்

கண்மாய்க்கு வரும் நோய்கள் ஐந்து.

முதல் நோய், ஓடை அடைப்பு. ஓடையில் ஒருவர் வேலி போடுகிறார். இன்னொருவர் மண் கொட்டுகிறார். மூன்றாமவர் வீடு கட்டுகிறார். வாயைக் கட்டிவிட்டால் வயிறு எப்படி நிறையும்?

இரண்டாவது நோய், மண்மேடு. மழைநீர் வரும்போது வண்டலும் சேர்ந்து வருகிறது. ஆண்டுக்கு ஆண்டு அது படிந்து, கண்மாயின் ஆழம் குறைகிறது. முன்பு கோடையில் விவசாயிகள் வண்டி கட்டிக்கொண்டு போய் கரம்பை மண் அள்ளிவந்து புஞ்சையில் போட்டார்கள். நிலத்துக்கு உரமும் ஆயிற்று. கண்மாய்க்கு ஆழமும் ஆயிற்று. மூட்டை உரம் வந்தபின் வண்டிகள் நின்றுபோயின.

மூன்றாவது நோய், கரை வெடிப்பு. கரிசல் மண்ணின் குணம் எல்லோருக்கும் தெரியும். நனைந்தால் உப்பும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். வெடித்த கரையில் எலி வளை தோண்டும். நண்டு துளை போடும். திடீரென்று தண்ணீர் ஏறினால், விரல் நுழையும் துளை சிறிது நேரத்தில் ஆள் நுழையும் உடைப்பு ஆகிவிடும்.

நான்காவது நோய், சீமைக்கருவேல முள். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடி இது. கண்மாய் முழுவதும் காடாக நிற்கிறது. ஓடையை மறிக்கிறது. கரையில் வேர்விட்டு மண்ணை இளக்குகிறது. ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. கரிசல் காட்டில் எத்தனையோ ஏழைக் குடும்பங்களுக்கு இந்த முள்தான் அடுப்பு விறகு. கரிமூட்டம் போடுகிறவர்களுக்குக் கூலி. ஆகவே கண்மாய்க்குள்ளும் கரையிலும் நிற்கும் முள்ளை வேரோடு எடுக்கவேண்டும். வெட்டும் வேலையை அந்தக் குடும்பங்களுக்கே கொடுக்கவேண்டும்.

ஐந்தாவது நோய்தான் கொடியது. அது சாக்கடை!

ஊர்க் கழிவுநீர் கண்மாயில் கலந்தால் என்ன ஆகும்? கழிவில் உள்ள சத்து, பாசிக்கும் ஆகாயத்தாமரைக்கும் உரமாகிறது. அவை மளமளவென்று பரவி நீரை மூடுகின்றன. வெயில் உள்ளே போகாது. அடியில் செடிகள் அழுகும்போது, நீரில் கரைந்துள்ள பிராணவாயு தீர்ந்துபோகிறது. மீன் மூச்சுத் திணறிச் செத்து மிதக்கிறது. கொசு பெருகுகிறது. பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரும் கெடுகிறது.

குழாய் வந்தது, கண்மாய் மறந்தது!

இத்தனை நோயையும் ஊர் ஏன் பார்த்துக்கொண்டு இருந்தது?

குடிதண்ணீர் கண்மாயிலும் ஊருணியிலும் இருந்தவரை, ஊரார் தினமும் அங்கே போனார்கள். கரையில் ஒரு துளை விழுந்தால் தண்ணீர் எடுக்கப்போன பெண் பார்த்துவிடுவாள். ஊருணியில் யாராவது கால் கழுவினால் நாலு பேர் தட்டிக் கேட்பார்கள்.

பிறகு குழாய் வந்தது. கோவில்பட்டிக்குத் தாமிரபரணித் தண்ணீர் சீவலப்பேரியிலிருந்து வருகிறது. அது பெரிய நன்மை. யாரும் மறுக்கமுடியாது. ஆனால் குழாய் வந்த நாளோடு கண்மாய்ப் பக்கம் போகும் கால்களும் நின்றன. நகரம் வளர்ந்து, மூப்பன்பட்டி, அத்தைகொண்டான் கண்மாய்களை நெருங்கியது. ஆனால் மக்களின் மனம் கண்மாயை விட்டு விலகியது.

பார்க்க ஆள் இல்லாத பொருள் பாழாகும். இது வீட்டுக்கும் பொருந்தும், கண்மாய்க்கும் பொருந்தும்.

"சர்க்கார் பார்த்துக்கொள்ளட்டும்!"

"கண்மாய் சர்க்கார் சொத்து. சர்க்கார் பார்த்துக்கொள்ளட்டும்" என்று சிலர் சொல்கிறார்கள். இதில் பாதி நியாயம் உண்டு. எல்லை அளப்பதும், ஆக்கிரமிப்பை அகற்றுவதும், சாக்கடை நீரைச் சுத்தம் செய்யும் நிலையம் கட்டுவதும் சர்க்காரின் கடமை. எல்லை அளக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-ம் ஆண்டு தமிழ்நாட்டில் சட்டமே வந்திருக்கிறது. இந்தக் கடமையிலிருந்து சர்க்கார் நழுவ விடக்கூடாது.

2017-ம் ஆண்டு குடிமராமத்துத் திட்டம் புதிதாகத் தொடங்கியது. பாசன விவசாயிகள் வேலைச் செலவில் பத்தில் ஒரு பங்கைப் பணமாகவோ, பொருளாகவோ, உழைப்பாகவோ தரவேண்டும் என்று விதி. பல கண்மாய்கள் தூர்வாரப்பட்டன.

ஆனால், தூர்வாருவது பத்து ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் வேலை. எலி வளை தினமும் விழுகிறது! குப்பை தினமும் விழுகிறது! எந்திரம் வந்து மண்ணை அள்ளிவிட்டுப் போய்விடும். ராத்திரி மழையில் கரையைச் சுற்றிப் பார்க்க எந்திரம் வராது. அதற்கு ஆள் வேண்டும்.

முன்பு அந்த ஆள் இருந்தார். நீர்பாய்ச்சி, மடைக்காவல் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். மடை திறப்பது, கரை பார்ப்பது, ஆபத்து வந்தால் ஊரைக் கூட்டுவது எல்லாம் அவர் வேலை. அறுவடையில் அவருக்குப் பங்கு தானியம் கிடைத்தது.

பழைய காலம் எல்லாம் பொற்காலம் என்று நினைத்துவிடக் கூடாது. அந்த வேலை செய்தவர்களில் பலர் ஒடுக்கப்பட்ட மக்கள். கண்மாயைக் காத்தவரே ஊர்ப் பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கமுடியாத கொடுமையும் நடந்தது. 1858-ம் ஆண்டு வெள்ளைக்கார சர்க்கார், கரை வேலைக்கு ஊராரைக் கட்டாயமாக இழுக்கச் சட்டமே போட்டது. கட்டாய வேலை வேண்டாம்! காவல் வேண்டும்; ஆனால் கூலியும் மரியாதையும் உள்ள காவல் வேண்டும்.

கூலிக்குப் பணம் எங்கே?

கண்மாயிலேயே இருக்கிறது! மீன்பாசிக் குத்தகையில் பணம் வருகிறது. கருவேல மர ஏலத்தில் பணம் வருகிறது. அந்த வருமானத்தில் ஒரு பங்கு அந்தந்தக் கண்மாய்க்கே திரும்பவேண்டும். அதில் ஒரு காவலர், ஆணோ பெண்ணோ, மாதச் சம்பளத்தில் நிற்கவேண்டும். இதை ஊர் கேட்கவேண்டும்.

எங்கே கேட்பது? கிராமசபையில் கேட்கலாம். ஆண்டுக்கு ஆறு நாள் கிராமசபை கூடுகிறது. அதில் ஒரு நாள் மார்ச் 22. உலகத் தண்ணீர் தினம்! அன்று கண்மாய்க் கணக்கை வாசிக்கச் சொல்லவேண்டும். எல்லை எவ்வளவு, ஓடை எங்கே அடைபட்டிருக்கிறது, ஏலப் பணம் எங்கே போயிற்று என்று பெண்களும் எழுந்து கேட்கவேண்டும். நகரத்தில் இருப்பவர்கள் நகரசபை உறுப்பினரிடம் கேட்கவேண்டும்.

விவசாயிகளுக்கும் வேலை உண்டு. வட்டாட்சியரிடம் அனுமதி பெற்றால் வண்டல் மண்ணை இலவசமாக எடுக்கலாம். மேல் படிந்த வண்டலை மட்டும் எடுக்கவேண்டும். கரை ஓரத்தில் பள்ளம் தோண்டினால் கரை சரியும்.

பள்ளிப் பிள்ளைகளுக்கும் வேலை உண்டு. மடைக்குப் பக்கத்தில் அளவுகோல் நட்டு, வாரம் ஒருமுறை நீர்மட்டத்தைக் குறிக்கலாம். தாமிரபரணிப் பக்கத்தில் 2011 முதல் ஆண்டுதோறும் நீர்ப்பறவைகளை எண்ணுகிறார்கள். ஆர்வமுள்ள சாதாரண மக்களும் அதில் சேர்ந்து எண்ணுகிறார்கள். பறவை வந்தால் கண்மாயில் உயிர் இருக்கிறது என்று பொருள்.

கூந்தன்குளத்தைப் பாருங்கள்

ஊர் நினைத்தால் முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்கள், நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்தைப் பார்க்கவேண்டும்.

அங்கே குளத்துக்குப் பறவைகள் கூட்டம் கூட்டமாக வருகின்றன. வீட்டு மரத்திலும் கூடு கட்டுகின்றன. ஊரார் விரட்டுவதில்லை. பறவை மிரளும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை! பறவை எச்சம் கலந்த வண்டலை வயலுக்கு உரமாக்கினார்கள். 1994-ல் அது பறவைகள் சரணாலயம் ஆயிற்று. 2022-ல் உலகம் போற்றும் ஈரநிலங்களின் பட்டியலில் அதன் பெயரும் அறிவிக்கப்பட்டது. பட்டியல் பின்னால் வந்தது. ஊராரின் காவல் முன்னால் வந்தது.

கரிசல் ஊர்களில் அவ்வளவு பெரிய பெருமை வேண்டியதில்லை. மழைக்காலத்துக்கு முன், புரட்டாசியில் ஒருநாள், ஊரார் குடும்பத்தோடு கரையைச் சுற்றி நடந்து வந்தால் போதும். எங்கே வெடிப்பு, எங்கே அடைப்பு, எங்கே சாக்கடை என்று எல்லோர் கண்ணிலும் பட்டுவிடும். கண்ணில் பட்டது வாயில் வரும். வாயில் வந்தது சபையில் வரும்.

ஐப்பசி, கார்த்திகை மழை யாருக்காகவும் காத்திருக்காது. அடுத்த பெருமழை எந்த ஆண்டு வரும் என்று சொல்ல ஆள் இல்லை. ஆனால் அது வரும் ராத்திரியில், கையில் விளக்கோடு கரைமேல் நடக்க ஒருவர் வேண்டும்.

அவரை நியமிக்கவேண்டியது ஊர்தான்!